வெறும் படுக்கையின் மூச்சு

பட்டறையில் அவளைக் கோட்டம்மா என்பார்கள். வீட்டில் பெரியவள். பட்டறைப் பெயருக்குக் காரணம் ரொம்பச் சாதாரணம். திரையில் ஓடும் ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை. கோடு ஆடினால் அந்தச் சிப் குப்பைக்கூடைக்கு. ஆடாமல் கிடந்தால் டப்பாவுக்கு. நூறு சிப்பில் பத்தோ பதினொன்றோ தேறும்.

மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது பட்டறை. மொத்தம் பதினோரு பேர். அவர்கள் செய்வது மூச்சுத்தட்டு. எழுந்து நடக்க முடியாதவர்களின் மெத்தைக்கு அடியில் அதை வைப்பார்கள். படுத்திருப்பவர் மூச்சை இழுத்துவிடும்போது உடம்பின் பாரம் மயிரிழை நகரும். தட்டில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பிகள் அதை உணரும். அவை தருகிற மின்சாரம் ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒன்றிரண்டு பங்குதான். அதைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கினால் திரையில் மேடும் பள்ளமுமாக மூச்சு தெரியும். மேடு பள்ளம் நின்றால் மணி அடிக்கும்.

இதில் ஒரு தொல்லை. பெருக்குகிற சிப்புக்கும் சொந்தமாக ஒரு நடுக்கம் உண்டு. வேகமான நடுக்கத்தைப் பற்றிக் கவலையில்லை, வடிகட்டித் தள்ளிவிடலாம். மெதுவான நடுக்கம்தான் வில்லங்கம் பிடித்தது. எவ்வளவுக்கு மெதுவோ அவ்வளவுக்குப் பெரிது. மனுஷர் மூச்சும் மெதுவானதுதான், நிமிஷத்துக்குப் பதினைந்து, இருபது. இரண்டும் ஒரே வேகத்தில் ஆடினால் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது? நடுக்கத்தை வடிகட்டப் போனால் மூச்சும் கூடவே போய்விடும்.

பெரியவள் இதற்குக் கண்டுபிடித்த வழி, பொறுமை. ஒவ்வொரு சிப்பையும் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பாள். காற்று பட்டால் ஈயம் உருக்கிச் சால்டர் வைத்த இடங்களில் சூடு கூடிக் குறையும், அதற்கும் கோடு ஆடும். அதனால் பஞ்சு வைத்த ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து மூடி வைப்பாள். மின்விசிறியையும் போடவிடமாட்டாள். "கோட்டம்மா ரூமுக்குப் போனா பாதி எடை குறைஞ்சுதான் வரணும்" என்று பெட்டி கட்டுகிறவர் சொல்வார். அவள் காதில் வாங்கிக்கொள்ள மாட்டாள். பார்த்ததை எல்லாம் அன்றன்றைக்கே தேதி போட்டு, மையில், நோட்டில் எழுதிவிடுவாள். அந்த நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள் என்று யாரும் சொல்ல முடியாது.

இப்படி நடந்துகொண்டிருந்த இடத்துக்குச் சின்னவள் வந்தாள்.

சின்னவள் என்றால் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. அதே வீட்டில் மேல்மாடியில் குடியிருப்பவள். இன்ஜினியரிங் படித்துவிட்டுச் சும்மா இருந்தவளை முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போய், "நல்ல பொண்ணு, கெட்டிக்காரி, சேத்துக்குங்க" என்று சொன்னது சாட்சாத் பெரியவள்தான். அதை நினைத்தால் தன் வாயில் தானே நாலு போடலாம் போலிருக்கும் அவளுக்கு.

வந்த மூன்றாம் மாதமே சின்னவள் கேட்டாள்.

"அக்கா, ஏன் ஆடாத சிப்பாப் பார்த்துத் தேடிக்கிட்டே இருக்கீங்க? ஆடட்டுமே."

"ஆடட்டுமா? அப்ப வீட்டுல படுத்துக் கிடக்கிற மாமாவுக்கு மூச்சு இருக்கா இல்லையான்னு நீ போய் மூக்குல கைய வெச்சுப் பாக்குறியா?"

சின்னவள் சிரித்தாள். சிரித்துவிட்டுத் தன் மேசைக்குப் போய் எதையோ வரைந்தாள். இரண்டு மாதம் கழித்து அது ஒரு போர்டாக வந்து நின்றது. தகர டப்பா இல்லை, பஞ்சு இல்லை. குப்பைக்கூடையில் கிடந்த சிப்பையே எடுத்துப் போட்டிருந்தாள். தலைக்கு மேலே மின்விசிறி வேறு சுற்றிக்கொண்டிருந்தது. கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக ஓடியது.

பெரியவள் அதை அரை மணி நேரம் பார்த்தாள். பிறகு ஒரு மணி நேரம். ஆடவில்லை. அவள் வயிற்றில் எதையோ பற்றவைத்ததுபோல் இருந்தது.

அந்த வித்தையைச் சின்னவள் எல்லோருக்கும் விளக்கிச் சொன்ன நாள்தான் இன்னும் மோசம். முதலாளி இருந்தார். நூறு தட்டு வாங்க வந்திருந்த முதியோர் இல்லத்துத் தலைமை நர்ஸும் இருந்தார். நெடுநெடுவென்ற அம்மாள், கையில் எப்போதும் ஒரு கடிகாரத்தைப் பிடித்திருப்பார்.

"எனக்கு வோல்ட்டு கீல்ட்டு எல்லாம் புரியாதும்மா. சாதாரணமாச் சொல்லு" என்றார் அவர்.

"சொல்றேன் மேடம். எங்க மாமனார் ஆஸ்பத்திரியில இருந்தப்ப, அவர் துணியெல்லாம் மத்தவங்க துணியோட சேர்ந்து சலவைக்குப் போயிடும். அதனால போறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு விரிப்பு ஓரத்துலயும் ஒரு சிவப்பு நூல் தைச்சு அனுப்பினோம். திரும்பி வர்றப்ப சிவப்பு நூல் இருக்கிறதை மட்டும் எடுத்துக்குவோம். இதுவும் அப்படித்தான். மூச்சு சிப்புக்குள்ள போறதுக்கு முன்னாடியே அதுல ஒரு அடையாளம் தைச்சிடறேன். தட்டுக்குக் கொடுக்கிற மின்சாரத்தை நொடிக்கு ஆயிரம் தடவை திருப்பித் திருப்பிப் போடறேன், அதான் நூல். சிப் தன்னோட நடுக்கத்தை உள்ள சேர்த்துக்கட்டும், அதுல நூல் இருக்காது. வெளிய வந்ததும் நூல் இருக்கிறதை மட்டும் பிரிச்சு எடுத்தா, சுத்தமான மூச்சு."

தலைமை நர்ஸ் கடிகாரத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கை தட்டினார். முதலாளியின் முகம் பூரித்துப் போயிருந்தது.

பெரியவளுக்குக் காது இரண்டும் சுட்டன. தைச்சு அனுப்பினோமாம்! யார் தைத்தது? முப்பத்தாறு விரிப்பு, பன்னிரண்டு தலையணை உறை. விரல் நுனி ஓட்டையாகிற வரைக்கும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து தைத்தவள் அவள். சின்னவள் ஆரஞ்சுப் பழத்தோடு சாயங்காலம் வந்து, "நல்ல ஐடியாக்கா" என்று சொல்லிவிட்டுப் போனவள். சர்க்யூட்டை எடுத்துக்கொண்டது போகட்டும், படித்தவள். நூலையுமா எடுத்துக்கொள்வது?

முதலாளி அன்றைக்கே சொல்லிவிட்டார். "வர்ற மாசத்துலேர்ந்து சோதனைப் பிரிவுக்குத் தலைமைன்னு ஒருத்தர் வேணும். நூறு தட்டு சும்மாவா? அடுத்த வாரம் வியாழக்கிழமை இல்லத்துல போட்டுக் காட்டிடுவோம். நல்லபடியா முடிஞ்சதும் யாருன்னு சொல்றேன்." சொல்லும்போது அவர் கண் எந்தப் பக்கம் போனது என்பதைப் பெரியவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பதவி என்ற ஒன்றே இல்லாமல் இருந்தது. வேலை முழுக்க அவள் செய்தாள். இப்போது அதற்கு ஒரு பெயர் வைக்கப்போகிறார்கள், பெயரோடு அது இன்னொருத்திக்குப் போகப்போகிறது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மாமனாருக்கு வலது பக்கம் விழுந்து ஒன்றரை வருஷம். கீழ்வீட்டு முன்னறையில் படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைத் திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, முதுகில் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது, தொண்டையில் சிக்காமல் கரண்டி கரண்டியாக ஊட்டுவது எல்லாம் பெரியவள் பொறுப்பு. அவள் பட்டறையில் இருக்கும் நேரத்துக்கு ஒரு ஆயா வருவாள். புண் வராமலிருக்கக் காற்று மெத்தை போட்டிருந்தார்கள். கட்டில் காலில் மாட்டியிருக்கும் சின்னப் பம்ப் பகல் பூராவும் முனகிக்கொண்டே இருக்கும்.

அந்த மெத்தைக்கு அடியில் சின்னவள் தன் புதுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள், ஒரு வாரம் ஓடட்டும் என்று. கிழவருக்கு அது பெரிய சந்தோஷம்.

"பாரு பெரியவளே, என் மூச்சு டிவியில வருது! சின்னவ மூளையே மூளை."

"ஆமா மாமா. வாயைத் திறங்க."

"சின்னவ இன்னும் வரலையா?"

"வருவா. முழுங்குங்க முதல்ல."

அந்த வாரம் புதன்கிழமை, ஆயாவுக்கு உடம்பு சரியில்லை என்று பெரியவள் மத்தியானத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். சாப்பாடு முடிந்ததும் மாமனாரைத் தூக்கி ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். விரிப்பை உருவினாள். புது விரிப்பை உதறும்போது தற்செயலாகத் திரையைப் பார்த்தாள்.

கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக, அழகாக, நிமிஷத்துக்கு இருபத்திநாலு.

படுக்கையில் யாரும் இல்லை.

அவள் விரிப்பைக் கீழே வைத்தாள். தான் நடந்ததில் தரை அதிர்ந்திருக்கும் என்று அசையாமல் நின்று பார்த்தாள். ஏறியது, இறங்கியது. தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அப்போதும் படுக்கை மூச்சு விட்டது. மாமனார் நாற்காலியில் குறட்டை விட ஆரம்பித்திருந்தார், அவர் மூச்சோடும் அது பொருந்தவில்லை. குனிந்து பம்பை அணைத்தாள். கோடு சட்டென்று படுத்துக்கொண்டது. மறுபடி போட்டாள். மூச்சு வந்தது, இப்போது பதினெட்டு. கொஞ்ச நேரத்தில் பதினைந்து.

உட்கார்ந்து யோசித்தாள். ரொம்ப நேரம் ஆகவில்லை. சுவரில் வரும் மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை திரும்பும். பம்ப் அதைக் கன்னாபின்னாவென்று வெட்டி இழுக்கிறது. அந்த வெட்டிலிருந்து ஐம்பதின் மடங்குகள் எல்லாம் கிளம்பும். இருபது மடங்கு எவ்வளவு? ஆயிரம். சின்னவள் தைத்த நூலும் ஆயிரம். கண்ணுக்கு அழகான முழு எண்ணாக ஒன்றைப் பிடித்திருக்கிறாள். வேறு யாரோ ஒருத்தனும் தன் துணியில் அதே சிவப்பு நூலைத் தைத்திருக்கிறான். சுவர் மின்சாரம் சொன்னபடி ஐம்பதில் நிற்காது, துளி முன்னே பின்னே போகும். இரண்டு ஆயிரத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தத் துளி வித்தியாசம்தான் திரையில் மூச்சாக நிற்கிறது. ஆள் படுத்திருக்கும்போது நிஜ மூச்சு பெரிதாக இருப்பதால் இது தெரியவில்லை. பட்டறையிலும் தெரியாது, அங்கே சோதனை மேசை முழுக்கப் பேட்டரியில் ஓடுகிறது.

அதாவது, படுத்திருப்பவர் மூச்சு நின்றுபோனாலும் திரை மூச்சுக் காட்டும். மணி அடிக்காது.

கை தானாக நோட்டை எடுத்தது. தேதி, நேரம். படுக்கை காலி. பம்ப் ஓடும்போது 24, 18, 15. பம்ப் நின்றால் நேர்க்கோடு. காரணம்: ஆயிரம், ஐம்பதின் மடங்கு. ஐந்து நிமிஷம் யோசித்துவிட்டு அதற்குக் கீழே, மாற்ற வேண்டியது: 1037, என்று எழுதினாள். எந்த மடங்குக்கும் பக்கத்தில் நிற்காத, பார்க்க லட்சணமில்லாத எண்.

சாயங்காலம் சின்னவள் வந்தாள்.

"என்னக்கா, தட்டு எப்படி ஓடுது?"

"எனக்கென்ன தெரியும். நீ வெச்சது, நீயே பாத்துக்கோ."

சொல்லவில்லை. அவ்வளவுதான். அடுத்த வாரம் வியாழக்கிழமை இல்லத்தில் போட்டுக் காட்டும்போது முதலில் காலிப் படுக்கையில்தான் வைப்பார்கள். அங்கே கட்டிலுக்குக் கட்டில் பம்ப் ஓடுகிறது. எல்லோர் முன்னாலும் வெறும் மெத்தை மூச்சு விடும். சின்னவளின் முகம் எப்படிப் போகும் என்று பெரியவள் பாத்திரம் கழுவும்போது நினைத்துப் பார்த்தாள். துணி மடிக்கும்போது நினைத்துப் பார்த்தாள். பஸ் டிரைவரான அவள் புருஷன் கூட, "என்ன, தனியாச் சிரிக்கிற?" என்று கேட்டார். அந்த நாளெல்லாம் அவளுக்குச் சாப்பாடு ருசியாக இருந்தது.

வியாழனுக்கு முன்னாலேயே, செவ்வாய்க்கிழமை காலையில், தலைமை நர்ஸ் பட்டறைக்கு வந்துவிட்டார்.

"முதலாளி, எனக்கு ஒரு தட்டு இப்பவே வேணும். நாலாம் நம்பர் ரூம்ல ஒரு பெரியவர், மூச்சு அப்பப்ப நிக்குது. பக்கத்துல ஒரு ஆயாவை உக்கார வெச்சிருக்கேன். ஆள் பத்தலை. தட்டு இருந்தா அவளை வேற ரூமுக்கு அனுப்பிடுவேன்."

"தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்றார் முதலாளி. சின்னவள் அதற்குள் தட்டைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டிருந்தாள். "அங்க காற்று மெத்தைதானே மேடம்? ஒண்ணும் பிரச்சினை இல்லை."

பெரியவள் தன் அறை வாசலில் நின்றாள். நாலாம் நம்பர் ரூமைப் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் படுக்கை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். காலில் மாட்டிய பம்ப், மடித்து வைத்த துண்டு, பக்கத்தில் காலியான நாற்காலி.

"அதைக் கொடுக்காதே" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஏன்?" என்றார் முதலாளி.

"சரியில்லை."

"கோடு நேராத்தானே ஓடுது? நானே பார்த்தேனே." முதலாளி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கோட்டம்மா, உங்க அனுபவத்தை நான் மதிக்கிறேன். அதுக்காகச் சின்னப் பொண்ணு நல்லா செஞ்சதைப் பார்த்து வயித்தெரிச்சல் படக் கூடாது."

பெட்டி கட்டுகிறவர் டேப்பைக் கிழிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. சின்னவள் வந்த எட்டு மாதத்தில் இப்போதுதான் வயிற்றெரிச்சலை விட்டுவிட்டுப் பேசுகிறாள், இப்போதுதான் அதைச் சொல்கிறார்கள்.

நேரே போய்ப் பெட்டியைத் திறந்தாள். தட்டை மேசையில் வைத்தாள். பேட்டரி வயரைப் பிடுங்கிவிட்டுச் சுவரில் சொருகினாள். மேசை விசிறியின் ரெகுலேட்டரைத் தட்டுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துப் பாதிக்குத் திருப்பினாள். பாதியில் நின்றால் அதுவும் பம்பைப் போல மின்சாரத்தை வெட்டி இழுக்கும். தட்டின்மேல் ஒன்றுமில்லை.

திரையில் கோடு ஏறியது. இறங்கியது.

தலைமை நர்ஸ் வழக்கப்படி கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். "இருபத்தொண்ணு" என்றார். பிறகு காலித் தட்டைப் பார்த்தார். "யாரு மூச்சு விடுறது?"

 சின்னவள் திரையை முறைத்தாள், ரெகுலேட்டரை முறைத்தாள், உதடு அசைந்தது. "ஆயிரம்... ஐம்பது... ஐயோ." அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அந்த ரூம்லேர்ந்து ஆயாவை அனுப்பியிருப்பாங்களே அக்கா."

"அதான் சொன்னேன்."

"என்ன போடலாம்? ஆயிரத்து இருபத்தஞ்சு?"

"முப்பத்தேழு. இருபத்தஞ்சை ரெட்டிச்சா மறுபடி ஐம்பதோட மடங்கு. கணக்கு இதுல இருக்கு."

நோட்டை நீட்டினாள். நீட்டிய பிறகுதான் தேதி ஞாபகம் வந்தது. வந்தும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தாளைக் கிழித்திருக்கலாம், ஆறு நாள் நேரம் இருந்தது. அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

சின்னவள் படித்தாள். கணக்கைப் படித்தாள், 1037-ஐப் படித்தாள், மேலே போய்த் தேதியைப் படித்தாள். மறுபடியும் தேதியைப் படித்தாள்.

"புதன்கிழமை" என்றாள் மெதுவாக. "நான் வந்து கேட்டேனே. எப்படி ஓடுதுன்னு உங்களைக் கேட்டேனே அக்கா."

"கேட்டே."

"ஆறு நாளா மனசு வந்துச்சா உங்களுக்கு?"

"வந்துச்சு."

முதலாளிக்குப் பாதி புரிந்தது, பாதி புரிந்துகொள்ள விருப்பமில்லை. பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கோளாறானாலும் 'பிழைத் தாள்' என்று ஒன்று எழுத வேண்டும். என்ன கோளாறு, கண்டவர் யார், கண்ட தேதி, சொன்ன தேதி என்று கட்டம் கட்டமாக இருக்கும். இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். "எழுதிடுங்க, வேலையைப் பார்ப்போம்."

பெரியவள் எழுதினாள். கோளாறு, காரணம், மாற்றம். கண்ட தேதி, புதன். சொன்ன தேதி, செவ்வாய். கையெழுத்துப் போட்டுத் தள்ளினாள்.

சின்னவள் கையெழுத்துப் போடவில்லை. தாளை அவள் பக்கமே திருப்பி, ஒரு கட்டத்தின்மேல் விரலை வைத்தாள். "இதை விட்டுட்டீங்க."

சொல்லத் தாமதமானதற்குக் காரணம், என்றிருந்தது அந்தக் கட்டம்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கட்டத்தில் பெரியவள் எத்தனையோ எழுதியிருக்கிறாள். கரண்ட் இல்லை. உதிரிபாகம் வரவில்லை. விடுமுறை. இப்போதும் ஒன்று எழுதலாம். ஆயாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை, பொய்யும் இல்லை. சின்னவளின் விரல் நகரவில்லை. நகம் ஒட்ட வெட்டிய, சால்டர் சுட்ட தழும்புள்ள விரல். பெரியவளின் விரலிலும் அதே இடத்தில் ஒன்று இருந்தது.

"கையை எடு, எழுதணும்" என்றாள்.

விரல் நகர்ந்தது. பெரியவள் ஒரே ஒரு வார்த்தை எழுதினாள். பொறாமை.

சின்னவள் அதைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். முதலாளி எடுத்துப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். "இதைக் கோப்புல வைக்கணுமா?" என்றார்.

"தாள்னா கோப்புலதான் வைக்கணும்."

தலைமை நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் கைப்பையை எடுத்தார். "எங்க இல்லத்துலயும் இப்படி ஒரு கட்டம் இருக்கு" என்றார். "எழுதுற ஆள்தான் இல்லை. நான் போறேன், ஆயா அங்கேயே இருக்கட்டும். சரி பண்ணிட்டுச் சொல்லுங்க, வியாழக்கிழமை தள்ளிப்போனாலும் பரவாயில்லை." வாசல் வரை போய்த் திரும்பினார். "அந்த வேற நம்பர் போட்டதும், முதல்ல காலிப் படுக்கையில வெச்சுக் காட்டுங்க. நான் நின்னு பார்ப்பேன்."

வீட்டில் நாலு நாள் சின்னவள் கீழே இறங்கவில்லை. மாமனார் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சின்னவ வந்தாளா?"

"வரலை."

"சண்டையா?"

"ஆமா."

"யார் மேல தப்பு?"

"என் மேலதான். திரும்பிப் படுங்க."

ஐந்தாம் நாள் சின்னவள் வந்தாள். பெரியவளைப் பார்க்கவில்லை. குனிந்து மெத்தைக்கு அடியில் 1037 போட்ட தட்டை வைத்தாள். "மாமாவை நாற்காலிக்கு மாத்தணும், ஒரு கை பிடிங்க" என்றாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். பம்ப் முனகியது. காலிப் படுக்கைக்கு முன்னால் அரை மணி நேரம் நேரான கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இல்லத்தில் போட்டுக் காட்டியதும் நல்லபடியாக முடிந்தது. தலைமைப் பதவி சின்னவளுக்குப் போயிற்று. வேறெப்படிப் போகும்? அவள் போட்ட முதல் உத்தரவு, எந்தத் தட்டும் சுவர் மின்சாரத்தில், ஓடும் பம்புக்குப் பக்கத்தில், காலிப் படுக்கையில் ஒரு மணி நேரம் ஓடாமல் வெளியே போகக் கூடாது என்பது. பார்ப்பவர் என்ற இடத்தில் பெரியவளின் பெயரை எழுதிவைத்தாள். அக்காவை விட்டால் ஒரு மணி நேரம் ஒரு கோட்டைப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது என்று முதலாளியிடம் சொன்னாளாம். அது பாராட்டா, குத்தலா என்று பெரியவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நூறு தட்டையும் அவள் பார்த்தாள். இரண்டில் கோடு ஆடியது, ஒதுக்கி வைத்தாள், பதிலுக்கு வேறு இரண்டு வந்தன. ஒவ்வொரு தட்டின் சோதனைத் தாளிலும் பார்ப்பவர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, மேலே தலைமை என்ற கட்டத்துக்காகச் சின்னவளின் மேசைக்கு எடுத்துக்கொண்டு போனாள். சின்னவள் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் பெரியவளுக்கு வயிறு எரிந்தது. நூறு தடவை எரிந்தது. எந்தத் தாளும் ஒரு நாள் கூடத் தாமதமாகவில்லை.